பரிசோதனையில் குறை தெரிந்த குதிரையை விற்பது: முழுமையான வழிகாட்டி

விலை படிந்துவிட்டது, அட்வான்ஸும் கைக்கு வந்துவிட்டது. வாங்குபவர் அனுப்பிய கால்நடை மருத்துவர் குதிரையின் பின்னங்காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிடச் சொல்கிறார். நாலைந்து அடி இழுத்து இழுத்து ஓடுகிறது. அன்று மாலை போன் வருகிறது: "டாக்டர் கொஞ்சம் யோசிக்கச் சொல்றாருங்க."

புதிதாக விற்பவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "சரி, முப்பதாயிரம் குறைச்சுக்கோங்க" என்று உடனே இறங்குகிறார்கள். இல்லாவிட்டால், "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே, உங்க டாக்டருக்கு என்ன தெரியும்?" என்று சண்டைக்குப் போகிறார்கள். குறை என்ன, அது எந்த வேலைக்குத் தடை, சரிசெய்ய முடியுமா என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் விலையைப் பற்றிப் பேச வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

இது சவாரிக்கு விற்கும் குதிரைகளுக்கானது: பந்தயத்திலிருந்து வெளியே வந்த தரோபிரெட், மார்வாரி, கத்தியவாரி போன்றவை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக் கணக்கு வேறு. அங்கே வாங்குபவரின் கண்ணும், தரகரின் பேச்சும், குதிரையின் சுழியும்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். (சுழி சரியில்லை என்று ஒருவர் விலகினால் விட்டுவிடுங்கள். அதை மறுத்துக் காட்ட எக்ஸ்ரே கிடையாது.)

1. பரிசோதனை நாளுக்கு முன்பே செய்ய வேண்டியவை

பாதிச் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. குதிரையில் இல்லாத குறை, தயாரிப்பு சரியில்லாததால் அறிக்கையில் ஏறிவிடும்.

லாடம்: பரிசோதனைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே அடித்து முடித்துவிடுங்கள். முதல் நாள் அடித்து, ஓர் ஆணி உள்தசைக்கு நெருக்கமாகப் போயிருந்தால் குதிரை மறுநாள் நொண்டும். அது இரண்டு மூன்று நாளில் தீரக்கூடிய வலியாக இருக்கலாம். ஆனால் அறிக்கையில் "முன்னங்கால் நொண்டல்" என்றுதான் வரும்.

லாயம்: முந்தின இரவு லாயத்திலேயே இருக்கட்டும், காலையில் ஓட்ட வேண்டாம். உடல் சூடாவதற்கு முன் குதிரை எப்படி நடக்கிறது என்பதை டாக்டர் பார்க்க வேண்டும். அவர் வரும்போது குதிரை வியர்த்து நின்றால், விறைப்பை மறைக்க ஓட்டிவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்.

வலி மருந்து: பினைல்பூட்டசோன், ஃப்ளூனிக்ஸின் எதுவும் கூடாது. சிகிச்சையில் இருக்கிறது என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். இரத்தம் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள டாக்டர்கள் இருக்கிறார்கள், பின்னால் தகராறு வந்தால் அது ஆய்வகத்துக்குப் போகும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பது மோசடிக் கணக்கில் வருகிறது. மருந்து கொடுத்து நொண்டலை மறைப்பது அதற்கு நேரான உதாரணம்.

இடம்: குதிரையை நேராக ஓடவிட்டுத் திரும்ப, கெட்டியான சமதளம் வேண்டும். மழை பெய்து சேறான மைதானத்தில் லேசான நொண்டல் தெரியாது. கற்கள் கிடக்கும் தரையில் நல்ல குதிரையும் தடுமாறும்.

காகிதங்கள்: டெட்டனஸ் தடுப்பூசி, குடற்புழு மருந்து தேதிகள், பழைய சிகிச்சை ரசீதுகள், பழைய எக்ஸ்ரே. தரோபிரெட் என்றால் ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா (தரோபிரெட்களைப் பதிவு செய்யும் அமைப்பு) கொடுத்த பாஸ்போர்ட்டும் மைக்ரோசிப் எண்ணும். பல்லைப் பார்த்து வயது சொல்வது பத்து வயதுக்கு மேல் தோராயம்தான். பாஸ்போர்ட் கையில் இல்லாவிட்டால், 11 வயதுக் குதிரை அறிக்கையில் "ஏறத்தாழ 14" ஆகிவிடலாம்.

கிளாண்டர்ஸ் பரிசோதனை முடிவும் தயாராக இருக்கட்டும். இரத்த மாதிரியில் செய்யும் இந்தச் சோதனைக்கு ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம்தான் நாட்டில் முக்கிய இடம். முடிவு வர நாளாகும், அதனால் விலை பேசத் தொடங்கும்போதே மாதிரியை அனுப்பிவிடுவது நல்லது. இதில் மட்டும் பேரத்துக்கு இடமே இல்லை. மனிதருக்கும் தொற்றும் நோய் இது, 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. சந்தேகம் வந்தாலே விற்பனையை நிறுத்தி, குதிரையைத் தனியே கட்டி, அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

2. போன் வந்த அன்று விலை பேசாதீர்கள்

வாங்குபவருக்கு அன்று பயம். உங்களுக்குக் கோபம். இரண்டு பேருக்குமே குறையின் சரியான பெயர் தெரியாது. "டாக்டர் சொன்னதை எழுத்தில் அனுப்புங்க, பார்த்துட்டு நாளை மறுநாள் பேசலாம்" என்று சொல்லி போனை வைத்துவிடுங்கள்.

அன்றே விலையைக் குறைத்தால், குறை பற்றி உங்களுக்கு முன்பே தெரியும் என்று அவர் முடிவு கட்டுவார். பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

அட்வான்ஸை என்ன செய்வது? பரிசோதனை திருப்தியாக இருந்தால் மட்டுமே விற்பனை என்று பேசியிருந்தால், அவர் விலகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். எதுவுமே பேசாமல் வாங்கியிருந்தால்தான் தகராறு. எனவே அட்வான்ஸ் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: எத்தனை நாளுக்கு, எந்த நிபந்தனையில், பரிசோதனைச் செலவு யாருடையது என்று. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்பவர்தான் டாக்டருக்குப் பணம் கொடுப்பது வழக்கம்.

3. அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்

அறிக்கை வாங்குபவருடையது. அவர் காசு கொடுத்தார், டாக்டர் அவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டியவர். நீங்களே டாக்டரை அழைத்து, "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்பது தவறு. வாங்குபவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பேசலாம். மூவரும் ஒரே போன் அழைப்பில் பேசுவது இன்னும் நல்லது.

அறிக்கை கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். டாக்டர் கண்ணால் பார்த்தது என்ன ("மடக்கிப் பிடித்த பிறகு இடது பின்னங்கால் லேசான நொண்டல்")? அதற்கு அவர் ஊகிக்கும் காரணம் என்ன ("ஹாக் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம்"; ஹாக் என்பது பின்னங்காலின் நடு மூட்டு)? எந்த வேலைக்குப் பொருந்தாது என்கிறார்?

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். குதிரை தேறியது, தோற்றது என்று டாக்டர் மதிப்பெண் போடுவதில்லை. இந்த நபர் சொன்ன இந்த வேலைக்கு இதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறார். தாண்டல் போட்டிக்கு வேண்டாம் என்ற அதே குதிரை, வாரம் மூன்று நாள் நிதானமாகப் போகும் சவாரிக்குப் பொருந்தலாம். "ஃபெயில் ஆயிடுச்சு" என்று வாங்குபவர் சொன்னதை அப்படியே நம்பி, அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. குறை எந்த வகை என்று பிரியுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. அடிக்கடி வரும் குறைகளை மட்டும் சொல்கிறேன்.

காலை மடக்கும் சோதனை: மூட்டை ஒரு நிமிடம் போல மடக்கிப் பிடித்து, விட்டவுடன் டிராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவான ஓட்டம்) ஓடவைத்துப் பார்ப்பார்கள். பிடிக்கும் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். அன்றாடம் நன்றாக வேலை செய்யும் குதிரைகளிலும் இதில் லேசாக இழுப்பவை உண்டு. இது மட்டுமே குறை என்றால் விற்பனை முறியக் காரணமில்லை. ஒரு காலில் மட்டும் தெளிவாக இழுத்து, அந்த மூட்டில் வீக்கமோ சூடோ இருந்தால் எக்ஸ்ரே அவசியம்.

அன்று மட்டும் நொண்டியது: குளம்பில் சீழ் கட்டியிருக்கலாம், கல் குத்தியிருக்கலாம். குளம்பு இடுக்கியால் அழுத்தினால் இடம் தெரியும். சீழைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் சரியாகும். இதற்கு விலையைக் குறைக்கவே வேண்டாம், மறுபரிசோதனைத் தேதி கேளுங்கள்.

மூட்டுத் தேய்மானம்: எந்த மூட்டு என்பதில்தான் கணக்கு. பின்னங்கால் ஹாக்கின் அடிப்பகுதி மூட்டுகள் அதிகம் அசையாதவை. அங்கே தேய்மானம் வந்தாலும் சில குதிரைகளில் எலும்பு நாளடைவில் ஒட்டிக்கொண்டு வலி அடங்கும், நிதானமான சவாரிக்கு நிற்கும். அதிகம் மடங்கி விரியும் ஃபெட்லாக் (குளம்புக்குச் சற்று மேலுள்ள மூட்டு), குளம்புக்குள் இருக்கும் மூட்டு ஆகியவற்றில் அதே அளவு மாற்றம் தெரிந்தால் கவலைப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்தும் நொண்டாத குதிரை உண்டு, எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் நொண்டும் குதிரையும் உண்டு. படத்தையும் ஓட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தசைநாண்: பந்தயக் குதிரைகளின் முன்னங்கால் பின்புறத்தில் பழைய தடிப்பு இருந்தால், கைபட்டவுடனே டாக்டருக்குத் தெரியும். கேள்வி பழையதா, புதியதா என்பதுதான். ஸ்கேன் எடுத்தால் நார்கள் ஆறி ஒட்டியிருக்கின்றனவா என்று தெரியும். புதிய காயம் என்றால் ஆற ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும், மறுபடி கிழியும் ஆபத்தும் நிற்கும். ஆறும் வரை விற்காதீர்கள்.

இதயத்தில் மர்மர் (துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் இரைச்சல்): கேட்டவுடன் வாங்குபவர் பயந்துவிடுவார். நல்ல உடற்தகுதியுள்ள தரோபிரெட்களில் தீங்கில்லாத மர்மர் சாதாரணம். ஆறில் எத்தனையாவது நிலை, ஓடிய பிறகு கூடுகிறதா குறைகிறதா என்று கேளுங்கள். எக்கோ ஸ்கேன் எடுத்தால் தெளிவாகிவிடும். துடிப்பே தாறுமாறாக இருந்தால் அது வேறு கதை, ஏறுபவரின் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

மூச்சுச் சத்தம்: ஓடும்போது மூச்சை உள்ளே இழுக்கையில் சத்தம் வந்தால், குரல்வளையின் இடப்பக்கம் வேலை செய்யாமல் போயிருக்கலாம். பெரிய உருவக் குதிரைகளில் அதிகம். வேகத்துக்குத் தடை, மெதுவான சவாரிக்கு அவ்வளவு இல்லை.

கண்: சிறிய, மாறாத புள்ளி ஒன்று. திரும்பத் திரும்ப வரும் கண் அழற்சி இன்னொன்று. இரண்டாவது பார்வையையே பறிக்கும், அதை மருந்து போட்டுத் தணித்து வைத்து விற்பதுபோல் அசிங்கமான வேலை இல்லை.

5. உங்கள் பக்கம் ஒரு டாக்டர்

குறை இன்னதென்று உறுதியாகாவிட்டால் அடுத்த பரிசோதனை வேண்டும். அதற்குக் காசு யார் கொடுப்பது என்பதில்தான் பேச்சு நின்றுபோகும். என் கருத்து: விற்பவரே கொடுப்பது நல்லது. இந்த வாங்குபவர் போனாலும் படமும் அறிக்கையும் உங்களிடமே இருக்கும்.

குதிரை பார்த்துப் பழகிய டாக்டர்கள் தமிழ்நாட்டில் குறைவு. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். கூட்டிக்கொண்டு போவதற்கு முன் என்ன படம் எடுக்க முடியும் என்று கேட்டுவிடுங்கள்.

ஆள் குறைவு என்பதால், உங்கள் குதிரையை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரையே வாங்குபவரும் அழைத்துவிடுவது நடக்கும். அப்போது அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் நல்ல அறிக்கையும் கள்ள அறிக்கையாகிவிடும்.

6. நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, சிகிச்சை செய்து மறுபரிசோதனை. சீழ், லாடக் கோளாறு, முதுகுப் புண், பல் முனை குத்துவது போன்ற தீரும் குறைகளுக்கு.

இரண்டாவது, அதே நபருக்கு விலையை மாற்றி விற்பது. குறை இருந்தும் அவருடைய வேலைக்குக் குதிரை பொருந்தினால் மட்டும்.

மூன்றாவது, சோதனைக் காலம். குதிரையை அவரிடம் சில நாள் விட்டுப் பார்க்கச் சொல்வது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 24-ஆம் பிரிவு இதைத் தொடுகிறது: குறித்த காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால் குதிரை அவருடையதாகிவிடும். அதனால் முடியும் தேதியை எழுத வேண்டும். அதுவரை குதிரை உங்களுடையது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நடுவில் வயிற்றுவலி வந்து செத்தாலும் நட்டம் உங்களுக்கு. யார் ஏறலாம், என்ன வேலை, மருத்துவச் செலவு யாருடையது, காப்பீடு உண்டா என்பதெல்லாம் எழுதாமல் குதிரையை வண்டியில் ஏற்றாதீர்கள். பழக்கமில்லாதவருக்கு இந்த வழியையே நான் சொல்லமாட்டேன்.

நான்காவது, விற்காமல் இருப்பது. தொடர்ந்து வலியில் இருக்கும் குதிரையைத் தரகர் மூலம் தள்ளிவிட்டால், அது கல்யாண ஊர்வலத்திலோ கடற்கரைச் சவாரியிலோ போய் நிற்கும், தார்ச்சாலையில் இரவெல்லாம். நோயோ ஊனமோ உள்ள விலங்கை அது தாங்காத வேலையில் வைப்பது விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன்படி குற்றம். வேலை கொடுப்பவர்மேல்தான் வழக்கு வரும் என்றாலும், அங்கே அனுப்புவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

7. விலையை எப்படிக் குறைப்பது

சிகிச்சைச் செலவைக் கழித்தால் புது விலை என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அது தீரும் குறைக்கு மட்டும் சரி. தீராத குறைக்கு, குதிரை இப்போது என்ன வேலைக்குப் பொருந்துகிறதோ அந்த வேலைக்கான குதிரைகள் உங்கள் பக்கம் என்ன விலைக்குப் போகின்றன என்று பாருங்கள். தாண்டலுக்கென்று இரண்டரை லட்சம் கேட்டிருந்தீர்கள், இப்போது நிதான சவாரிக்குத்தான் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நிதான சவாரிக் குதிரை ஒன்றரை லட்சத்துக்குப் போகிறது என்றால், பேச்சு அங்கிருந்து தொடங்கும். ஊசி மருந்து, சிறப்பு லாடம் என்று மாதா மாதம் செலவு இருந்தால் அதற்கும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

குறைந்தபட்ச விலையை முன்பே மனதில் முடிவு செய்து, ஒரே தடவை இறங்குங்கள். ஐயாயிரம் ஐயாயிரமாக இறங்கினால், அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் ஐயாயிரம் கேட்பார்கள். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் சந்தை வழக்கமும் இதற்கு ஆகாது. எந்தக் குறைக்காக எவ்வளவு இறங்கினீர்கள் என்று பின்னால் காட்ட முடியாமல் போகும்.

8. எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். குதிரையின் அடையாளம் (நிறம், வெள்ளைக் குறிகள், வயது, மைக்ரோசிப் எண்), பரிசோதனைத் தேதி, தெரிந்த குறைகள் டாக்டரின் வார்த்தையிலேயே, நீங்கள் முன்பு செய்த சிகிச்சை, குறைத்த விலை, வாங்குபவர் எந்த வேலைக்கு வாங்குகிறார். இரண்டு பேர் கையெழுத்து, அறிக்கையின் நகல் இணைப்பு.

"உள்ளபடியே விற்கப்படுகிறது" என்று ஒரு வரி போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். குறையின் பெயர் இல்லாமல் அந்த வரிக்குப் பெரிய பலமில்லை. "இடது ஹாக் அடி மூட்டில் தேய்மானம் இருப்பது தெரிந்தே வாங்குகிறேன்" என்று அவர் கையெழுத்திட்டால்தான் உங்களுக்குக் காப்பு. அதேபோல் நீங்களும் "இனி நொண்டாது", "குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது" என்று உத்தரவாதம் எழுதிக் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் வார்த்தையும் எழுத்துதான்.

பணம் வங்கி வழியாக வரட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது.

9. இவர் விலகிவிட்டால், அடுத்தவரிடம் என்ன சொல்வது?

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். "அவர் டாக்டர் சொன்னது அவரோட போச்சு" என்று புதியவரிடம் வாய் திறப்பதில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதற்குக் குதிரையையே உதாரணமாக வைத்திருக்கிறது. குறையுள்ள குதிரை என்று தெரிந்தும் ஏலத்தில் ஒன்றும் சொல்லாமல் விற்பது மோசடி ஆகாது என்கிறது ஓர் உதாரணம். சிலர் இதை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அதே பிரிவின் இன்னொரு உதாரணம்: "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். நம்ம ஊரில் "கால்ல எதுவும் பிரச்சினை இல்லைல்ல?" என்று கேட்காமல் குதிரை வாங்குபவர் யார்? அந்தக் கேள்வி வந்த பிறகு தலையை ஆட்டினாலும் சிக்கல்தான், சும்மா நின்றாலும் சிக்கல்தான்.

எனவே விளம்பரத்திலேயே போடுங்கள்: "ஹாக் மூட்டில் லேசான தேய்மானம், எக்ஸ்ரே உண்டு, நிதான சவாரிக்கு ஏற்றது." அழைப்புகள் குறையும். ஆனால் அழைப்பவர்கள் குறை தெரிந்தே வருவார்கள், மறுபடி பரிசோதனை நாளில் பேச்சு முறியாது. பழைய வாங்குபவரின் அறிக்கையை அவரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஐந்தாவது படியில் உங்கள் காசில் எடுத்த அறிக்கை இங்கேதான் உதவும்.

10. ஒப்படைக்கும் நாள்

முழுப் பணமும் வந்த பிறகு ஏற்றுங்கள். பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வாங்க வேண்டும், 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் அதைக் கேட்கின்றன. ஏற்றும் முன் குதிரையை நடக்கவைத்தும் டிராட் ஓடவைத்தும் ஒரு நிமிட வீடியோ எடுங்கள், நாலு காலும் தெரியும்படி. வண்டியில் அடிபட்டு இறங்கினால் அது பழைய குறை இல்லை என்று காட்ட இது போதும்.

தீவன அளவு, லாடம் அடிக்கும் இடைவெளி, கொடுத்துவரும் மருந்து ஆகியவற்றை எழுதிக் கையில் கொடுங்கள். மூட்டுக் குறையுள்ள குதிரையைப் புது இடத்தில் முதல் நாளே வேகமாக ஓட்டிவிட்டு, மறுநாள் "நொண்டுதுங்க" என்று அழைப்பவர்கள் உண்டு. முதல் வாரம் நடை மட்டும் என்று அந்தச் சீட்டிலேயே எழுதி, அதன் படத்தை உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.